வாலில் ஏற்றிய வீடு

‘ட்ரையல்’ என்ற சொல்லை என் கணவர் வாயில் கேட்டாலே என் கண் வீட்டுச் சாமான்களை எண்ண ஆரம்பித்துவிடும். முதன்முதலில் அதைக் கேட்டது நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் இருந்தபோது. கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் சின்னதாக ஒரு ப்ராஜெக்ட், ட்ரையலுக்குப் போய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்றார். ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பினோம். திரும்பவே இல்லை. எங்கள் அபார்ட்மெண்டை எதிர்வீட்டு ஆன்ட்டிதான் காலி செய்தார். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரே முடிவெடுத்து அட்டைப் பெட்டிகளில் அனுப்பினார். கொலு பொம்மைகளில் பாதி வரவில்லை. ஊரிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த கிரைண்டர் வரவில்லை. கனமாக இருக்கிறதென்று யாருக்கோ கொடுத்துவிட்டாராம். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பே ஏரியாவிலிருந்து டெக்சஸுக்கு வந்ததும் அதே கதைதான். ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். பே ஏரியாவில் நான் ஒரு டேகேரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று அந்தக் குழந்தைகளிடம் வேறு சொல்லிவிட்டு வந்தேன். வேலையை விடுவதாகப் போனில்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு வாங்கினோம். மகள் இங்கேதான் பள்ளிக்கூடம் முடித்தாள். எனக்கு ஒரு பல் மருத்துவர் ஆபீசில் வேலை கிடைத்தது. குளிர் வந்தால் கராஜுக்குள் தள்ளி, வெயில் வந்தால் வெளியே இழுத்து, ஒரு கறிவேப்பிலைச் செடியை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டேன். இனி எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைத்தபோது மகள் ஆஸ்டினுக்குக் கல்லூரிக்குப் போனாள். கணவருக்கு ஆபீசே போக வேண்டாம், எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆனது. காலில் சக்கரம் கட்டிய மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் ட்ரெய்லர் வீடுகளின் வீடியோ, படுக்கும்போதும் ட்ரெய்லர் வீடியோ. ஒரு சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைகளில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், எதேச்சையாக நிறுத்துவது போல வண்டியை ஓர் இடத்தில் நிறுத்தினார். பழைய ட்ரெய்லர் ஒன்று நின்றது. பெட்டி போல வெள்ளையாக, முன்பக்கம் கட்டில், நடுவில் உட்காரும் இடம், பின்பக்கக் கடைசியில் சமையலறை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“யாரோடது?”

“நம்முளுதுதான்.”

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த முருங்கைக்காயை முறித்துவிட்டேன். அவர் திட்டம் இதுதான்: வீட்டை ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுவிட்டு, எங்கள் பிக்கப் ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவது. முடியாது என்றேன். பல நாள் பேசாமல் இருந்தோம். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

“ரெண்டு வாரம் ட்ரையல் போலாம். திரும்பி வந்ததும் நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம். டிசிஷன் உன்னோடது.”

“சரிங்க” என்றேன். ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை.

நம்பாதவள் என்ன செய்வாள்? மூட்டை கட்டுவாள். இந்தத் தடவை எந்த ஆன்ட்டியும் என் வீட்டைப் பிரித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அவர் காலியாகக் கிடந்த ஒரு சர்ச் பார்க்கிங்கில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், நான் சத்தமில்லாமல் பெட்டி பெட்டியாகக் கட்டினேன். கிளம்புவதற்கு முதல் நாள் ட்ரெய்லரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவ்வேயில் ராத்திரி நிறுத்தக் கூடாது என்று எங்கள் குடியிருப்பில் விதி. அதனால் சாயங்காலத்துக்குள் ஏற்றி, சர்ச் பார்க்கிங்குக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். “கிச்சன் உன் டிபார்ட்மெண்ட், நான் அந்தப் பக்கமே வரல” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால், ட்ரக்கோடு ட்ரெய்லரை இணைக்கும் ஹிட்ச்சோடு மல்லுக்கட்டினார்.

என் டிபார்ட்மெண்டில் நான் என்னவெல்லாம் வைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். புது கிரைண்டரும் அதன் கற்களும். தோசைக்கல், பணியாரச் சட்டி, இரும்புக் கடாய். இட்லி அரிசி ஒரு மூட்டை, பொன்னி அரிசி ஒரு மூட்டை. பூஜை அறையைத் துடைத்து எடுத்துவிட்டேன்: விளக்கு, வெள்ளிக் குங்குமச் சிமிழ், படங்கள் எல்லாம். மிச்சமிருந்த கொலு பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். கல்யாணப் பட்டுப்புடவைகள், போட்டோ ஆல்பங்கள், மகளுக்குத் தொட்டில் கட்டிய துணி. கறிவேப்பிலைச் செடியை மட்டும் பக்கத்து வீட்டில் விட்டேன். மீதி எல்லாம் சமையலறையின் கீழ் அலமாரிகளிலும், கடைசிச் சுவரை ஒட்டிய பெஞ்சுக்கு அடியிலும் அடங்கிவிட்டன. போதாததற்குப் பெஞ்சின் மேல் தண்ணீர் பாட்டில் கட்டுகளை அடுக்கி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினேன்.

ட்ரெய்லரில் பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும், ஹிட்ச்சின் மேல் அழுந்த வேண்டும், பின்பக்கம் ஏறினால் வாலாட்டும் என்று அவர் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். மனுஷன் நாள் முழுக்கப் பாடம் நடத்தினால் எந்தப் பாடத்தைத்தான் கேட்பது? அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருந்தேன்.

கிளம்பும் அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ட்ரக்குக்கு, ட்ரெய்லருக்கு என்று எல்லாச் சக்கரத்துக்கும். நசுங்கிய பழங்களைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்து, ஐ-டென் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினோம்.

சான் அன்டோனியோ வரைக்கும் ட்ராஃபிக்கில் மெதுவாகத்தான் போனோம், ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டி ரோடு காலியானதும் அவர் வேகம் எடுத்தார். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அப்போதுதான் முதல் ஆட்டம். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. ட்ரக்கின் மூக்கு இடமும் வலமும் போனது. அவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, நேராக்கினார்.

“காத்து” என்றார்.

அடுத்த லாரிக்கும் ஆடியது. “ரோடு சரியில்ல” என்றார். அதற்கடுத்த லாரிக்கு, வண்டியை நிறுத்த இடம் தேட ஆரம்பித்தார்.  வெங்காயம் நறுக்கியபோது காதில் விழாத பாடமெல்லாம் அப்போது ஒவ்வொரு வரியாக எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். டயர் ஒவ்வொன்றாகக் காற்றைப் பார்த்தார். ஹிட்ச்சின் கம்பிகளை முறுக்கினார். தரையில் மல்லாந்து படுத்து ட்ரெய்லருக்கடியில் டார்ச் அடித்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் புழுதி, முகம் சுருங்கிப்போயிருந்தது.

“ஆக்சில் போயிருச்சோ என்னவோ. அவசரப்பட்டு வாங்கிட்டனோ?”

தான் செய்தது தப்போ என்று அந்த மனுஷன் கேட்டு நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அலமாரியைத் திறப்பார். திறந்தால் விளக்கைப் பார்ப்பார். விளக்கைப் பார்த்தால், நான் அவரை நம்பவில்லை என்பதை நானே சாட்சி வைத்து நிரூபித்தது போல ஆகும். அதோடு, என் மனசில் ஒரு மூலையில் வேறொரு எண்ணமும் இருந்தது. ஆடட்டும், நன்றாக ஆடட்டும், இந்தப் பைத்தியமே அவருக்குத் தெளியட்டும் என்று. வாயை மூடிக்கொண்டு காப்பி வாங்கிவரப் போனேன்.

மறுபடி கிளம்பியதும் மகள் கூப்பிட்டாள். வார இறுதிக்குத் துணி துவைக்க வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். நல்லவேளை, ஸ்பீக்கரில் வருவதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டேன்.

“ம்மா, வேர் இஸ் எவ்ரிதிங்? பூஜா ரூம் இஸ் எம்ப்டி. டிட் வீ கெட் ராப்ட்?”

“இல்ல கண்ணு, பெயிண்ட் அடிக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.”

“பட் யூ டுக் த ஆல்பம்ஸ் டூ.”

“அதுக்கும்தான். அப்பறம் பேசறேன், சிக்னல் போகுது.”

கணவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். “எதுக்குப் பெயிண்ட்?”

“பூஜை ரூமுக்கு.”

பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு, “அப்போ நீ என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சு போச்சு. வாடகைக்கு விடப் போறவ எதுக்குப் பெயிண்ட் அடிக்கிறா?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஏமாந்த பிள்ளையின் குரல். வீட்டைக் காலி செய்யத்தான் போகிறோம் என்று நினைத்து மூட்டை கட்டியவள் நான், நான் வீட்டை விட்டு நகரவே மாட்டேன் என்று நினைத்து வருந்தியவர் அவர். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருமுவது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று வழியில் ஓர் ஊரில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஃபோர்ட் ஸ்டாக்டனைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். மெக்சிகோ எல்லையை நோக்கிப் போகிற ரோடு. வீடு இல்லை, மரம் இல்லை, பழுப்பு நிறத்தில் புதரும் தூரத்தில் மலையும்தான். பெரிய பண்ணை ஒன்றுக்குள் ட்ரெய்லர்களை நிறுத்த இடம் விடுகிறார்கள் என்று அதைத்தான் பிடித்து வைத்திருந்தார். தார் ரோடு ஓர் இரும்புக் கேட்டோடு முடிந்தது. அதற்கப்பால் சரளைக்கல் பரப்பிய கப்பி ரோடு. மாடுகள் தாண்டாமல் இருக்க, கேட்டுக்கு அடியில் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருந்தார்கள். அதன்மேல் ஏறி இறங்கியபோதே ட்ரெய்லருக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

கப்பி ரோடு என்றால் நம் ஊர்க் கப்பி இல்லை. வண்டிகள் போய்ப் போய் ரோடு முழுக்க வரிவரியாகச் சின்ன வரப்புகள் ஏறியிருந்தன. மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரப்பும் பல்லை ஆட்டியெடுத்தது. கொஞ்சம் வேகமாகப் போனால் மேலாக ஓடிவிடலாம் என்று அவர் வீடியோவில் பார்த்திருந்தார். ஓட்டினார். கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, புழுதி மட்டும்தான். கல் தெறித்து முன்கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தது. போனில் சிக்னல் எப்போதோ போய்விட்டது. என்னால் உட்கார முடியவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன். ஏசியைக் கூட்டினேன், குறைத்தேன். “என்ன உனக்கு?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன்.

ரோடு ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் சரிந்தது. சரிவில் இறங்க ஆரம்பித்ததும் வால் ஆடியது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. இடது, வலது, மறுபடி இடது, ஒவ்வொரு ஆட்டமும் போன ஆட்டத்தைவிடப் பெரிதாக. பின்னாலிருந்து அது எங்களைத் தள்ளியது. அவர் கையை நீட்டி, ட்ரெய்லருக்கென்று தனியாக இருந்த பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்தினார். காலை பிரேக்கில் வைக்கவில்லை, அந்த நிதானம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ. நான் “ஐயோ” என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. சரளைக்கல்லில் வழுக்கி, ட்ரக் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ட்ரெய்லரின் வலப்பக்கச் சக்கரங்கள் ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கி, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

புழுதி எங்களைத் தாண்டிப் போய் அடங்கியது. இருவருக்கும் அடி இல்லை. அவர் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, நடுங்கின. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் போய்விட்டது.

“ஏனுங்க, ஆக்சில் ஒண்ணும் போகல. பின்பாரமா இருக்கு.”

“என்ன பாரம்? பாத்திரம்தானே வச்சே?”

நான் இறங்கி நடந்தேன். அவர் பின்னால் வந்தார். கதவைத் திறந்தேன். சமையலறைத் தரையெல்லாம் துவரம் பருப்பு. நான் அலமாரிகளைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். எப்படியும் பின்னால் இருப்பதை இறக்கினால்தான் வண்டி பள்ளத்திலிருந்து ஏறும். அரிசி மூட்டைகள் இறங்கின. கிரைண்டர் இறங்கியது. “இது எதுக்கு?” என்று கேட்கும் முகத்தோடு அடுத்ததை எடுத்தார். புடவைப் பெட்டி. ஆல்பம். செய்தித்தாளைப் பிரித்து ஒரு பொம்மையைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியாக விளக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சுற்றிலும் ஓர் ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. கப்பி ரோட்டு ஓரத்தில் எங்கள் வீடு வெயிலில் கிடந்தது.

“நீ வீட்டைக் காலி பண்ணிட்டியா?”

“நீங்க பண்ணுறதுக்கு முன்னாடி நானே பண்ணிட்டேன்.”

“திரும்பிப் போகத்தானே போறோம். நான்தான் சொன்னனே.”

“பிரிட்ஜ்வாட்டர்ல இருந்து கிளம்புறப்பவும் சொன்னீங்க.”

விளக்கின் காம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். “அப்போ நான் பொய் சொல்லல. நெசமாவே திரும்பி வரலாம்னுதான் நெனச்சேன். இங்க வந்தப்பவும் அப்படித்தான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்.”

“தெரியும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

பொய்யனாக இருந்தால் சண்டை போட்டு மடக்கிவிடலாம். சொல்லும்போது உண்மையாகவே சொல்லிவிட்டு, சக்கரம் உருண்டதும் மறந்துபோகிறவரை என்ன செய்வது? இத்தனை வருஷமாக என்னை அரித்தது அதுதான் என்று அந்த வெயிலில் நிற்கும்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். கத்திச் சொன்னேன். ஆன்ட்டி அனுப்பாத பொம்மைகளைப் பற்றி, டேகேர் குழந்தைகளைப் பற்றி, ஒவ்வோர் ஊரிலும் எனக்கு ஒரு சிநேகிதி கிடைக்கிற நேரத்தில் கிளம்பியதைப் பற்றி.  நான் மூச்சு வாங்கி நின்றபோது அவர் எழுந்து வந்து, “தண்ணி குடி” என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

பிறகு வேலையைப் பார்த்தோம். வெளியே கிடந்ததையெல்லாம் முன்பக்கத்துக்குத் தூக்கினோம். கட்டிலுக்கடியில் அரிசியும் கிரைண்டரும், கட்டிலின் மேல் பொம்மைகள், புடவை, விளக்கு. எங்களுக்குப் படுக்க இடமே இல்லை. சக்கரத்துக்கு முன்னால் தட்டைக் கற்களைப் பொறுக்கிப் போட்டோம். நான்கு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டு மெல்ல நகர்த்தினார். ஒருமுறை சறுக்கி, பிறகு ட்ரெய்லர் உடம்பைக் குலுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. அவர் இறங்கி வந்து கையை விரித்துக் காட்டினார். நடுக்கம் நிற்கவில்லை.

“சாவியக் குடுங்க. நான் ஓட்டுறேன்.”

“ட்ரெய்லரோட நீ ஓட்டுனதே இல்லையே.”

“நீங்க ஓட்டுன லட்சணத்தத்தான் பாத்தோமே.”

குறுகின ரோடு, ட்ரெய்லரோடு திரும்ப வழியில்லை. முன்னால்தான் போக வேண்டும். நான் ஓட்டினேன். முதலில் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் இறங்கின. பின்னால் அத்தனை கனம் இருப்பது தெரிந்தது, ஆனால் அது ஆடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. வளைவில் ரோட்டை அகலமாக எடுத்தேன். வரப்புகள் வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். ஒரு மான் கூட்டம் ரோட்டைத் தாண்டி, நின்று பார்த்துவிட்டுப் போனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே எரிச்சலாகவும் இருந்தது.

பண்ணையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வாலாட்டாமல் வண்டியை நிறுத்திவிட்டேன். காலையில் விளக்கைச் சிங்க்குக்குள் வைத்து ஏற்றினேன், வெளியே வைத்தால் காற்று அணைத்துவிடும். பணியாரம் சுட்டேன். அவர் பணியாரத்தை நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டாம் நாளே அடுத்த இடத்தின் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மலையைப் பார்க்க அத்தனை தூரம் வந்த மனுஷன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு மலையைத் தேடினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரை ஓர் இடத்தில் உட்கார வைக்க என்னால் ஆகாது. இவர் பின்னாலேயே ஓடி ஓடி என்னாலும் ஆகாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் பிரச்சினை.

“திரும்பிப் போனதும் சொல்லுறேன்னு சொன்னேன். இப்பவே சொல்லிடுறேன். வீட்டை வாடகைக்கு விட மாட்டேன்.”

தலையை ஆட்டினார். வரைபடத்தை மடித்தார். “சரி. ட்ரெய்லர வித்துடுறேன்.”

“விக்க வேண்டாம். நீங்க போங்க.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபத்தில் சொல்கிறேனா என்று தேடினார். கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் முடியும் முன்பே கேட்டிக்குத் திரும்பினோம். பாதி தூரம் அவர், பாதி தூரம் நான். டிரைவ்வேயில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது நான் பின்னால் நின்று, “வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க” என்று கத்தினேன். சாமான்களை அவரே உள்ளே சுமந்தார். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு, “இது எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். இத்தனை வருஷம் இருந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல, மாலைக்குள் எல்லாவற்றையும் வைத்து முடித்தார்.

இலை உதிரும் பருவத்தில் அவர் கிளம்பினார். முதலில் நியூ மெக்சிகோ, பிறகு யூட்டா. நாலு சட்டை, ஒரு லேப்டாப், ரைஸ் குக்கர். கோவிலில் பார்த்தவர்கள், “அங்கிள் எங்கே?” என்றால் “ஊர் சுத்தப் போயிருக்கார்” என்றேன். சிலர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும். பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலைச் செடி திரும்பி வந்தது. வீடு என் கையில் இருந்தது. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவர் நடந்த அதே இடத்தில், சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே, நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். ஒழுங்காக இருக்கும் அலமாரியை மறுபடி அடுக்கினேன். அவர் இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே திரும்பிவிடுவார், பிறகு இரண்டு மாதத்தில் அதைக் காரணமாக வைத்து என்னைக் கிளப்புவார்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுவார், சிக்னல் கிடைத்தால். ஒரு நாள் காற்று இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

“கப்பி ரோட்டுலயே அம்பது மைல் வந்துட்டேன். வண்டி ஒண்ணும் ஆடல. ஆனா உள்ள காலியா இருக்கா, எல்லாம் எகிறி எகிறி விழுது.”

“கல்லப் பொறுக்கிப் போட்டு ஓட்டுங்க.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் எஞ்சின் அணைவது கேட்டது. கதவைத் திறந்து இறங்கியிருப்பார், காலடியில் கல் நெரிந்தது. ‘போலாமா?’ என்று அவர் என்னை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். கேட்கும்போதே சாவி கையில் இருக்கும், பதிலுக்காகக் கேட்கும் கேள்வி இல்லை அது.

“நான் வீட்டுக்கு வரட்டுமா?” என்றார்.

“எதுக்கு?”

“இருக்கறதுக்கு.”

“எத்தன நாளைக்கு?”

“தெரியல. நெசமாவே தெரியல. பொய் சொல்ல மாட்டேன்.”

“யோசிச்சு சொல்றேன்” என்றேன்.

போனை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எதையும் சேர்த்துச் சொல்லவும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பதிலுக்காக அந்த மனுஷன் ஓர் இடத்தில் அசையாமல் நின்றார். நானும் அவசரப்படவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, போய் அணைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் அங்கேயே இருந்தார்.

“வாங்க” என்றேன்.